மஞ்சுளா சொன்ன சளி

போன மாதம் கோலாரில் உங்கள் பயிற்சி வகுப்பில் என்னைப் பத்து நிமிஷம் பேசக் கூப்பிட்டார்கள். அதில் நாலு நிமிஷம் மைக்கோடு மல்லுக்கட்டு, இரண்டு நிமிஷம் எனக்குச் சால்வை. மிச்ச நேரத்தில் நான் சொன்னது, ஸ்லைடைச் சுத்தமாக வையுங்கள், லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள் என்ற இரண்டு விஷயம்தான். வெளியே வரும்போது உங்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்து, "மேடம், இத்தினி வருஷத்துல நீங்க தப்பே பண்ணதில்லையா?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

தங்கவயலில், பாலகாட்டுப் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பஸ் வந்ததால் சொல்லவில்லை என்பது பொய். சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. அந்தப் பெண்ணுக்கும் அவளோடு வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்த வேலைதான். அரசு சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் என்று யார் வந்தாலும் விரலில் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் தடவி, உலர்த்தி, சாயம் ஏற்றி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடுவது. தேடித் தேடி எனக்கு நல்ல பெயரும் இருந்தது. மாவட்டத்துக்கு மறுபரிசோதனைக்குப் போன என் ஸ்லைடு எதுவும் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

கொழுப்புக்கு இன்னொரு காரணம் பாஷை. தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம், மார்க்கெட்டில் தெலுங்கு. எந்த வாய் திறந்தாலும் எனக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த டாக்டர்கள் எத்தனை பேருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? கடைசியில் அந்த மூன்று பாஷைதான் என் காலை வாரிவிட்டது.

மழை விட்ட சமயம் அது. ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சீட்டு எழுதுகிறவர் லீவு. அன்று காலையில் என்னைச் சீட்டு மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிறவர் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று கேட்டு, கன்னடத்தில் எழுதி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். காய்ச்சல் என்றால் அங்கேயே ஸ்லைடும் எடுக்க வேண்டும். வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது.

எல்லாக் காய்ச்சலுக்கும் ஸ்லைடு என்பது விதி. நான் அன்று அந்த விதியைச் சுருக்கிக்கொண்டேன். சளியோடு வருகிற காய்ச்சலை விட்டுவிடலாம், அது இந்தப் பருவத்துச் சளிதான் என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். அதிலும் சின்னக் குழந்தைகள் விரலைக் குத்தினால் ஊரைக் கூட்டும். அம்மாக்கள் முறைப்பார்கள். சளியா, தாண்டிப் போ என்று தள்ளிவிடுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

அப்படித்தான் மஞ்சுளா வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். தோளில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை, பெயர் தீபா. கொஞ்சம் இழுத்துப் பேசும் தமிழ்.

"மேடம், பாப்பாவுக்கு சளி ஜுரம். மூணு நாளா."

நான் குழந்தையைப் பார்த்தேன். மூக்கு ஒழுகியது. அன்று அந்த வரிசையில் ஒழுகாத மூக்கு எது? "இருமல் இருக்குதா?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். அவ்வளவுதான். சீட்டில் 'நெகடி, ஜ்வர' என்று எழுதி நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நெகடி என்றால் கன்னடத்தில் ஜலதோஷம். தமிழ்ச் சளியை நான் நல்ல கன்னடத்தில் மொழிபெயர்த்து எழுதியிருந்தேன். டாக்டர் என் எழுத்தை நம்பி, மூக்கையும் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்கும் சளிக்கும் டானிக் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மதியம் ஓ.பி. முடிந்து வரிசை கலைந்திருந்தது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்றது. மஞ்சுளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ஒரு கையில் நேற்றைய சீட்டு. இந்த முறை தமிழெல்லாம் இல்லை.

"நானு சளி அந்தே. நீவு நெகடி அந்த பரெதித்தீரா!"

நான் சளி என்று சொன்னேன், நீங்கள் நெகடி என்று எழுதியிருக்கிறீர்கள் என்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பிடும்போது வந்து சண்டை போடுகிறாளே என்று.

"இன்னாம்மா இது? சளின்னா நெகடிதானே? வேற இன்னா?"

சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று தெரிந்துகொண்டாள் போல. குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையை மடக்கி மார்போடு சேர்த்து, பல் கிட்டிப்போக, உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கிக் காட்டினாள். "சளி! சளி!"

கன்னடத்தில் சளி என்றால் குளிர். சளி ஜ்வரம் என்றால் நடுக்கிக்கொண்டு வரும் குளிர் காய்ச்சல். இது எனக்குத் தெரியாத வார்த்தையா? அவள் கன்னடத்தில் பேசியிருந்தால் தூக்கத்தில்கூட எனக்குப் புரிந்திருக்கும். அவள் கன்னட வீட்டுப் பெண். எங்கள் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில் ஒரு தமிழ் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். நான் தமிழ்க்காரி என்று பார்த்து, மரியாதைக்காகத் தமிழில் பேசினாள். தெரிந்த தமிழை வைத்து நடுவில் தன் வார்த்தையைப் போட்டாள். அவள் எனக்காக இறங்கி வந்து பேசிய தமிழை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. கை மட்டும் எழுதியது.

குழந்தையைப் பார்த்தேன். நேற்று என் பேனாவைப் பிடுங்கப் பார்த்த குழந்தை, இன்று கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. காலையில் நன்றாக வேர்த்து, எழுந்து விளையாடியதாம். மதியம் மறுபடி நடுக்கம், இரண்டு தடவை வாந்தி, அதற்குப் பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"நீங்க எங்கனா வெளியூர் போயிருந்தீங்களா?" என்று இப்போதுதான் கேட்டேன். நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"மங்களூரு. அவரு அங்க கட்டட வேலை. ரெண்டு மாசம் ஷெட்டுலதான் இருந்தோம். போன வாரம்தான் நானும் பாப்பாவும் வந்தோம்."

கட்டடம் கட்டுகிற இடம், சிமென்ட் நனைக்கத் தேங்கிய தண்ணீர், தகர ஷெட், கொசு. எல்லாம் ஒரே பதிலில் வந்து நின்றன. ஆளை அனுப்பி டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, குழந்தையின் விரலில் குத்தினேன். தீபா அழவில்லை. குத்தும்போது அழாத குழந்தையைப் பார்த்தால் பயப்படுங்கள். அன்றுதான் எனக்கு அது தெரிந்தது.

உடனே தெரிந்துகொள்ளும் கிட் அந்த வாரம் கையிருப்பில் இல்லை. ஸ்லைடுதான் கதி. ஸ்லைடு உலரக் கொஞ்ச நேரம் ஆகும். அவசரப்பட்டால் ரத்தம் சாயத்தோடு கழன்று போய்விடும். என் சர்வீஸில் மிக நீளமான நேரம் எது என்று கேட்டால், அந்த ஸ்லைடு உலர்ந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். "பழைய சீட்டைக் குடும்மா, புதுசு எழுதணும்" என்று மஞ்சுளாவிடம் கை நீட்டினேன். அவள் எதுவும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். என் கையில் என் எழுத்து. பக்கத்தில் புதுச் சீட்டுக் கட்டு. இன்றைக்குத்தான் முதல் நாள் காய்ச்சல், இன்றைக்குத்தான் முதல் தடவை வந்தார்கள் என்று எழுதினால் யாருக்கும் தெரியாது, நேற்றைய கூட்டத்தில் பார்த்த டாக்டருக்குக்கூட ஞாபகம் இருக்காது. அவளிடம் கன்னடம் படிக்கத் தெரிந்த கண் இருந்தது, ஆனால் சீட்டு என்னிடம் வந்துவிட்டதே. கிழித்துக் குப்பையில் போட எத்தனை நொடி ஆகும்? இத்தனை வருஷமாகச் சேர்த்த நல்ல பெயர் என்று மனசு கணக்குப் போட்டது. நான் நல்லவள் என்று உங்களிடம் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. கிழிக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான்.

என்னை நிறுத்தியது தர்ம நியாயம் அல்ல. என் அப்பாவின் வேலை ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறக்கி ஏற்றும் இடத்தில் மணி அடிக்கிறவர் அவர். கீழேயிருந்து எத்தனை மணி அடித்தார்களோ, மேலேயும் அத்தனை மணி திருப்பி அடித்துக் காட்டிவிட்டுத்தான் கேஜை நகர்த்துவார்கள். எண்ணிக்கை தப்பினால் அதை மறைக்கிற பேச்சே கிடையாது, கேஜுக்குள் ஆள் நிற்கிறான். நேற்று மஞ்சுளா அடித்த மணியை நான் திருப்பி அடித்துக் காட்டாமலே கேஜை நகர்த்திவிட்டேன். இப்போது அதை மறைத்தால், உள்ளே நிற்பது இரண்டரை வயதுக் குழந்தை.

இரண்டு சீட்டையும் சேர்த்துப் பின் குத்தினேன். சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். தேட வேண்டியதே இல்லை. சின்னச் சின்ன மோதிரம் மாதிரிக் கிருமிகள், பார்த்த இடமெல்லாம். மலேரியாவில் நாம் பி.எஃப். என்று சொல்லும் வகை. குழந்தைகளின் மூளை வரைக்கும் போகக்கூடியது.

டாக்டர் அதற்குள் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பையன். நான் ரிசல்ட்டைச் சொல்லிவிட்டு, இரண்டு சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன். "நேத்து நான்தான் சார் தப்பா எழுதினது. அவங்க குளிர் காய்ச்சல்னு சொன்னாங்க. நான் ஜலதோஷம்னு எழுதிட்டேன். ஸ்லைடும் எடுக்கல."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் சீட்டைப் படித்தார். "அப்படின்னா இன்னிக்கு நாலாவது நாள்" என்று மட்டும் சொன்னார். கன்னடத்தில்தான் சொன்னார், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அந்த ஒரு சொல்லில் அவர் முகம் மாறிவிட்டது. முதல் நாள் என்றால் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோலாருக்கு அனுப்பியிருப்பார், மருந்தை அங்கே ஆரம்பித்திருப்பார்கள். நாலாவது நாள், குழந்தை மயக்கத்தில் இருக்கிறது என்றால் அவ்வளவு நேரம் கிடையாது. ஸ்டோரில் மலேரியாவுக்கான ஆர்டெசுனேட் ஊசி மருந்து இருந்தது. அங்கே யாரும் அதைப் பிரித்ததில்லை. அவரும் தன் கையால் போட்டதில்லை.

குழந்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உறுதியா சொல்றீங்களா? உங்க ஸ்லைடை நம்பித்தான் போடப் போறேன்."

நேற்று தப்பு செய்தவளிடம் இன்று கேட்கிற கேள்வி அது. வேறு நாளாக இருந்தால் சட்டென்று தலையாட்டியிருப்பேன். அன்று, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் மறுபடி பார்த்தேன். ஸ்லைடின் நம்பரையும் சரிபார்த்தேன். திரும்பி வந்து சொன்னேன்: "காது தப்பு பண்ணிச்சு சார். கண்ணு தப்பு பண்ணல. போடுங்க."

மஞ்சுளாவைக் குழந்தையோடு எடை மெஷினில் ஏற்றி, பிறகு தனியாக ஏற்றி, கழித்துக் குழந்தையின் எடையைச் சொன்னேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த மருந்தளவு அட்டவணையை இரண்டு தடவை படித்தார். நானும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஊசி போட்டார். விரல் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார், ரொம்பக் குறைந்திருந்தது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். ஆம்புலன்ஸ் வந்ததும் நானும் ஏறிக்கொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தேன்.

கோலார் போகும் வழி முழுக்க மஞ்சுளா குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு காலை நான் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு டாக்டரம்மா கெட்டிக்காரி, கடுகடுப்பானவர். சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "நேத்தே ஸ்லைடு எடுத்திருக்கணுமே? ஏன் எடுக்கல?" என்று கேட்டார். மஞ்சுளாவைப் பார்த்துத்தான் கேட்டார். எப்போதும் தாயைப் பார்த்துத்தான் கேட்பார்கள். நான் முன்னால் வந்து, "நான்தான் மேடம் எடுக்கல. அவங்க சரியாத்தான் சொன்னாங்க" என்றேன்.

அப்போது மஞ்சுளா ஒன்று சொன்னாள். "இல்ல மேடம். எனக்கும் தமிழ் சரியா வராது. நானும் தப்பா பேசிட்டேன்."

தப்பாகப் பேசவில்லையம்மா. நீ ஒரு எழுத்துகூடத் தப்பாகப் பேசவில்லை. அங்கே என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. வராண்டாவுக்குப் போய் அழுதேன். குழந்தை பிழைக்குமா என்று தெரியாத நேரத்தில், தன் குழந்தையை இப்படி ஆக்கியவளுக்காகப் பழியில் பாதியை ஏற்றுக்கொள்ள ஒருத்தியால் முடிந்தது. என் முப்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த எந்தச் சால்வையும் அதற்குப் பக்கத்தில் வராது.

மறுநாள் மாலை தீபா கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டாள். ஊசிகள் முடிந்து மாத்திரைக்கு மாறியபோது, அதைத் துப்பி வார்டையே இரண்டாக்கினாளாம். துப்பினால் கவனித்து மறுபடி கொடுக்க வேண்டும், அப்போதுதான் மருந்து முழுசாக உள்ளே போகும். மஞ்சுளா அதை நர்ஸுக்கே ஞாபகப்படுத்தினாளாம். அவள் கணவருக்கு நான் போன் செய்து, ஷெட்டில் இருக்கிற எல்லோரும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். அவரோடு தங்கியிருந்த ஒருவருக்கும் இருந்தது. அவருக்கும் நேரத்தில் மருந்து கிடைத்தது.

டாக்டர் என் தப்பை ரிஜிஸ்டரில் உள்ளபடியே எழுதினார். மேலேயிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் வந்த நாளில் அவமானமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் டாக்டர் அதை மறைத்திருந்தால் எனக்கு நல்லது செய்ததாக நினைத்திருப்பேன். மறைக்காததுதான் நல்லது என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. அவருக்கும் என் நன்றி உண்டு.

அதற்குப் பிறகு என் மேஜையில் ஒரு புதுப் பழக்கம். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதாது, "செஞ்சு காட்டுங்க" என்பேன். நடுக்கமா, இருமலா, வலிப்பா, உடம்பால் காட்ட வேண்டும். காட்டியதை நானும் திருப்பிச் செய்து காட்டி, "இப்படியா?" என்று கேட்பேன். வரிசையில் நிற்பவர்களுக்கு இலவச சினிமா. "இன்னா மேடம், இன்னிக்கு இன்னா டிராமா?" என்று கிண்டல் செய்வார்கள். டிராமா மேடம் என்றே பெயர் ஆகிவிட்டது. வைத்துக்கொள்ளட்டும். விதிப்படி எல்லாக் காய்ச்சலுக்கும் ஸ்லைடும் எடுத்தேன். எத்தனை குழந்தை ஊரைக் கூட்டினாலும்.

தீபாவுக்கு மருந்து முடிந்த பிறகும் சில வாரம் ரத்தம் பார்க்க ஸ்கெலட்டனுக்குப் போவேன். என் பை தெருமுனையில் தெரிந்தாலே "ரத்த மேடம் வந்துட்டாங்கோ" என்று கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். காலைப் பிடித்து வெளியே இழுப்போம். குத்தினால் தெரு முழுக்கக் கேட்க அழுவாள். அந்த அழுகையைக் கேட்க நான் ஆசையாகப் போவேன்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, மறுபடியும் ஒரு மழை விட்ட காலை. வரிசையில் மஞ்சுளா நின்றாள், தோளில் தீபா. பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போய், "சளியா?" என்று கேட்டு, நானே கையை மடக்கி வெடவெடவென்று நடுங்கிக் காட்டினேன். வரிசையே சிரித்தது. மஞ்சுளாவும் சிரித்தாள். தமிழ் இப்போது அவளுக்கு நன்றாக வந்திருந்தது.

"இல்ல மேடம். கொஞ்சம் ஜுரம் இருக்குது, ஆனா இந்தவாட்டி நெஜமாவே நெகடிதான். நெகடின்னே எழுதுங்கோ."

அவள் கண் முன்னால், அவள் படிக்கும்படி பெரிய எழுத்தில், நெகடி என்று எழுதினேன். எழுதிவிட்டு, ஸ்லைடு எடுக்கத் தீபாவின் விரலைப் பிடித்தேன்.